நெடுநாள் உழைக்கும் சைக்கிள்: எந்தப் பிரேம் நயம்?



ஒரு காலத்தில் நம் மளிகை வட்டாரத்தில் சைக்கிள் என்றால் கேரியரில் இரண்டு மூட்டை, ஹேண்டில் பாரில் நான்கு பை என்றுதான் பொருள். அந்த வேலையை மொபெட்டும் குட்டி யானையும் எடுத்துக்கொண்டு வெகு நாளாகிறது. ஆனால் போன சைக்கிள் இப்போது வேறு வாசல் வழியாகத் திரும்பி வந்திருக்கிறது. காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்தே இருக்கும் நமக்குச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் முழங்கால் வலியும் வந்தபின், டாக்டர்கள் சைக்கிள் மிதிக்கச் சொல்கிறார்கள். வளைந்த ஹேண்டில் பாரும் ஒல்லி டயருமாக ரோடு பைக் என்று ஒரு ரகம் விற்கிறதே, அதில் கடை திறக்கும் முன் இருபது கிலோமீட்டர் போய் வரும் உறுப்பினர்கள் நம் சங்கத்திலேயே இருக்கிறார்கள்.

இந்த ரகத்தின் விலையைக் கேட்டால் முதலில் தலை சுற்றும். ஒரு லட்சம், இரண்டு லட்சம் என்பார்கள். அதற்காகப் பயந்து ஒதுங்க வேண்டியதில்லை. ஒரு லட்ச ரூபாய் சைக்கிள் இருபது வருஷம் உழைத்தால் வருஷத்துக்கு 5,000 ரூபாய்தான். அதே சைக்கிள் நான்கு வருஷத்தில் மூலைக்குப் போனால் வருஷத்துக்கு 25,000 ரூபாய். ஆகவே என்ன விலை என்று கேட்பதற்கு முன் எத்தனை வருஷம் என்று கேட்க வேண்டும். வருஷக் கணக்கில் பெரும் பங்கு பிரேமைச் சேர்ந்தது. டயர், செயின், பிரேக் கட்டை எல்லாம் தேய்ந்தால் மாற்றிக்கொள்ளலாம். பிரேம் போனால் சைக்கிளே போனது.

பிரேம் இன்று நான்கு வகைப் பொருளில் வருகிறது: இரும்பு எனும் ஸ்டீல், அலுமினியம், டைட்டானியம், கார்பன் நார். நமக்குத் தெரிந்த தராசிலேயே இவற்றை நிறுத்துப் பார்ப்போம். ஒரு லிட்டர் படியில் தண்ணீர் 1 கிலோ. அதே படி அளவுக்கு ஸ்டீல் 7 கிலோ 850 கிராம். டைட்டானியம் நாலரை கிலோ. அலுமினியம் 2 கிலோ 700 கிராம். பசையில் தோய்த்து இறுக்கிய கார்பன் நார் ஏறக்குறைய 1 கிலோ 600 கிராம்.

இதைப் பார்த்தவுடன் ஸ்டீலைத் தள்ளிவிடத் தோன்றும். ஆனால் எடையை மட்டும் பார்த்தால் போதாது, விறைப்பையும் பார்க்க வேண்டும். அலுமினியத்தின் விறைப்பு ஸ்டீலில் மூன்றில் ஒரு பங்குதான், டைட்டானியத்துக்குப் பாதி. அதனால்தான் அலுமினியப் பிரேமின் குழாய்களைப் பருமனாகச் செய்கிறார்கள். குழாய் பருத்தால் விறைப்பு கூடும். ஸ்டீல் குழாயோ ஒல்லியாக இருந்தே அந்த வேலையைச் செய்யும். கடைசிக் கணக்கில் நல்ல ஸ்டீல் பிரேம் இரண்டு கிலோவை ஒட்டி வரும், கார்பன் பிரேம் ஒரு கிலோவை ஒட்டி வரும். வித்தியாசம் ஒரு கிலோ. ஓட்டுகிறவர் 75 கிலோ, சைக்கிள் 9 கிலோ என்றால் மொத்தம் 84. அதில் ஒரு கிலோ என்பது நூற்றுக்கு ஒன்றேகால் பங்குகூட இல்லை. நம்மில் பலருக்கு இடுப்பைச் சுற்றியே ஐந்து கிலோ இருக்கிறது. அதை இறக்குவதற்குக் காசு கொடுக்க வேண்டாம்!

பந்தயக்காரர்களின் கணக்கு வேறு. பிரான்ஸ் நாட்டின் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தை 1986-ல் கிரெக் லெமாண்ட் கார்பன் பிரேமில் வென்றார். இன்று அங்கே எல்லாமே கார்பன்தான். எடையை அளவுக்கு மேல் குறைத்துவிடக்கூடாது என்று பந்தயச் சைக்கிளுக்கு 6.8 கிலோ எனக் கீழ் வரம்பு கட்டியது 2000-ஆம் ஆண்டில். ஆனால் அந்த வீரருக்குக் குழு சைக்கிள் கொடுக்கிறது. விழுந்து உடைந்தால் பின்னால் வரும் காரிலிருந்து வேறு சைக்கிள் இறங்கும். நமக்குப் பின்னால் எந்தக் காரும் வருவதில்லை.

ஸ்டீலிலும் ரகம் உண்டு. மூட்டைச் சைக்கிளுக்குப் போடும் சாதா ஸ்டீல் கனத்த குழாயாக வரும். முழுச் சைக்கிளும் 20 கிலோவை ஒட்டி நிற்கும். குரோமியமும் மாலிப்டினமும் கலந்த குரோமோலி ரகம் வலுவில் உயர்ந்தது. ஆகவே குழாய்ச் சுவரை மெல்லியதாக இழுக்கலாம். இந்த மெல்லிய குழாய்க்கு ஒரு வரலாறு உண்டு. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் 1841-ல் ஆணி செய்யத் தொடங்கிய குடும்பம் ரெனால்ட்ஸ். மெல்லிய குழாய் மூட்டு வாயிலே பலம் இல்லாமல் விட்டுவிடுகிறது என்பது அன்றைய சைக்கிள்காரர்களின் தலைவலி. குழாயின் இரண்டு நுனியையும் தடிப்பாகவும் நடுவை மெல்லியதாகவும் இழுக்கும் முறைக்கு 1897-ல் அவர்கள் காப்புரிமை வாங்கினார்கள். வெளியே பார்த்தால் ஒரே கனம், உள்ளேதான் வித்தியாசம். நடுவில் அரை மில்லிமீட்டர் சுவர், நுனியில் அதைவிடத் தடிப்பு. 1935-ல் அவர்கள் கொண்டுவந்த 531 எனும் மாங்கனீஸ் கலந்த ஸ்டீல் குழாயில் கட்டிய பிரேம்கள் இன்றும் ரோட்டில் ஓடுகின்றன.

நமக்கும் அந்த ஊருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. 1949-ல் முருகப்பா குழுமத்தார் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து சென்னையில் டி.ஐ. சைக்கிள்ஸ் தொடங்கினார்கள். ஹெர்குலிஸ், பி.எஸ்.ஏ. எனும் பெயர்கள் நம் தெருக்களுக்கு அப்படித்தான் வந்தன. ரெனால்ட்ஸும் நெடுநாள் அந்த இங்கிலாந்துக் குழுமத்தில்தான் இருந்தது.

இனி ஆயுளுக்கு வருவோம். ஒரு கம்பியை வளைத்து வளைத்து நிமிர்த்தினால் ஒடியும் என்பது எல்லோருக்கும் தெரியும். ரோட்டின் ஒவ்வொரு குழியும் பிரேமுக்கு அப்படி ஒரு சிறு வளைப்புதான். ஸ்டீலுக்கும் டைட்டானியத்துக்கும் ஒரு குணம் உண்டு. குறிப்பிட்ட அளவுக்குக் கீழான பாரத்தை எத்தனை லட்சம் முறை கொடுத்தாலும் அவை தளர்வதில்லை. சில்லறையைத் தள்ளுபடி செய்துவிடும் பெரிய மனசு. அலுமினியம் அப்படியல்ல. எவ்வளவு சிறிய பாரமானாலும் பேரேட்டில் பற்று எழுதிக்கொண்டே போகும். என்றோ ஒரு நாள் கணக்கு முடியும். இதற்காக அலுமினியச் சைக்கிள் நாளைக்கே ஒடிந்துவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். நல்ல கம்பெனிகள் இதை அறிந்தே சுவரைத் தடிப்பாக வைக்கின்றன. பத்து, பதினைந்து வருஷம் தாராளமாக ஓடுகிறது. குறைந்த விலைக்கு நிறைந்த சரக்கு அதுதான் என்பதிலும் சந்தேகமில்லை.

கார்பன் தளர்வதில் மிக நல்ல பொருள். ஆனால் அடி தாங்காது. நீளவாக்கில் இழுக்கும் பாரத்துக்கு அது யானை. பக்கவாட்டில் ஒரு கூர்மையான அடி பட்டால் உள்ளே அடுக்கு பிரிந்துவிடும், வெளியே வண்ணம் அப்படியே இருக்கும். நம் ஊரில் ஒரு வியாபாரி வீட்டுப் பிள்ளை புது கார்பன் சைக்கிளைக் கடைக்குப் பின்னால் கிடங்கில் சாத்தி வைத்திருந்தான். அடுக்கிலிருந்து 25 கிலோ அரிசிச் சிப்பம் ஒன்று சரிந்து மேல் பாரில் விழுந்தது. பார்த்தால் ஒரு கீறல்தான். நாணயத்தால் தட்டிப் பார்த்தபோது மற்ற இடத்தில் ‘டிக் டிக்’ என்ற ஓசை அந்த இடத்தில் மட்டும் ‘டொப்’ என்று கேட்டது. விற்ற கடைக்காரர் ஆயுள் உத்தரவாதம் என்று சொல்லித்தான் விற்றிருந்தார். அட்டையை எடுத்துப் படித்தால், உத்தரவாதம் தயாரிப்புக் குறைக்கு மட்டும், முதலில் வாங்கியவருக்கு மட்டும், அடிபட்டால் இல்லை என்று சிறு எழுத்தில் இருந்தது. கார்பனைப் பழுது பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள், பெரிய நகரங்களில். அனுப்பி வாங்கும் வரை சைக்கிள் இல்லை; அதன் பிறகும் அந்தப் பிள்ளைக்கு அதில் வேகமாக இறங்க மனம் வரவில்லை.

அதே மூட்டை ஸ்டீல் பாரில் விழுந்திருந்தால் ஒரு நசுங்கல் விழும், கண்ணுக்குத் தெரியும். விரிசலே விட்டாலும் பித்தளை வைத்துப் பற்றவைக்கத் தெரிந்த கை நம் பக்கம் இன்னும் இருக்கிறது. மூட்டைச் சைக்கிளின் மூட்டுகள் எல்லாம் அப்படிப் பற்றவைத்தவைதானே. மெல்லிய குழாய் என்பதைச் சொல்லி, அளவாகச் சூடு காட்டச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அலுமினியத்தில் வெல்டிங் செய்த இடம் பலம் இழந்துவிடும். மறுபடி உலையில் வைத்து எடுத்தால்தான் பழைய வலு வரும். டைட்டானியம் சூட்டில் காற்றுப் பட்டால் நொறுங்கும் தன்மை கொள்ளும். குழாயின் உள்ளும் வெளியும் ஆர்கான் வாயு பாய்ச்சியபடி வெல்டிங் செய்ய வேண்டும். நம் தெருப் பட்டறையில் இவை இரண்டும் நடக்காது.

ஆகவே நம் தீர்ப்பு: ஒன்றே வாங்கி, நெடுநாள் வைத்திருக்க நினைக்கும் வியாபாரிக்குக் குரோமோலி ஸ்டீல். ஒரே ஒரு விலக்கு உண்டு. தூத்துக்குடி, நாகப்பட்டினம், இராமேஸ்வரம் போன்ற கடற்கரை ஊர்க்காரர்களுக்கு உப்புக் காற்று பெரும் எதிரி. ஸ்டீல் துரு உள்ளிருந்து தின்னும், வெளியே தெரியும்போது ஓட்டை விழுந்திருக்கும். கையில் பணம் உள்ளவர்களுக்கு அங்கே டைட்டானியம்தான் சரி. துருவே பிடிக்காது, பெயிண்ட்கூட வேண்டாம். பணம் அவ்வளவு இல்லை என்றால் அலுமினியம். கடலிலிருந்து உள்ளே இருப்பவர்கள் வருஷம் ஒரு முறை சீட் பைப்பை உருவி, உள்ளே எண்ணெய் விட்டு, பிரேமைத் திருப்பித் திருப்பி ஓட விட்டு, பைப்புக்குக் கிரீஸ் தடவிப் போட்டால் போதும். கிரீஸ் இல்லாமல் விட்டால் சீட் பைப் உள்ளேயே பிடித்துக்கொள்ளும்.

கடையில் அலாய் பிரேம் என்று சொன்னால் அலுமினியம் என்று கொள்ள வேண்டும். உண்மையில் குரோமோலியும் ஓர் அலாய்தான். சட்டைப்பையில் ஒரு சிறு காந்தத் துண்டு கொண்டு போங்கள். ஒட்டினால் ஸ்டீல், ஒட்டாவிட்டால் மற்றது. முன்பக்கப் போர்க்கிலும் வைத்துப் பாருங்கள். பிரேம் ஒரு பொருளாகவும் போர்க் வேறு பொருளாகவும் இருப்பது சகஜம். ஆனால் சாதா ஸ்டீலா, குரோமோலியா என்று காந்தம் சொல்லாது. குழாயில் ஒட்டிய லேபிளையும் எடையையும் பார்த்துத்தான் தெளிய வேண்டும்.

பிரேம் நன்றாக இருந்தும் உதிரி கிடைக்காமல் சைக்கிள் நின்றுவிடக்கூடாது. பெடல் அச்சு உட்காரும் உருளையில் மரை வெட்டியதா, அழுத்திச் செருகியதா என்று கேளுங்கள். மரை ரகமே நல்லது. 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை. உலகம் முழுவதும் சைக்கிள்காரர்கள் இந்த அளவை இன்றும் பி.எஸ்.ஏ. என்றே சொல்கிறார்கள். நம் ஊர்ப் பெயர் என்று நாம் நினைத்துக்கொண்டிருப்பது அங்கே ஓர் அளவின் பெயர்! வலது பக்கக் கப் இடது மரை என்பதைப் பட்டறைப் பையனுக்கு நினைவுபடுத்துங்கள். தெரியாமல் திருகி மரையைக் கெடுத்தவர்கள் உண்டு. சீட் பைப் 27.2 மில்லிமீட்டர் என்றால் எங்கும் கிடைக்கும். பிரேக் கம்பி பிரேமுக்கு வெளியே ஓடட்டும்.

டயரில் ஒரு குழப்பம் உண்டு. மூட்டைச் சைக்கிளின் 28 × 1½ டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 635 மில்லிமீட்டர். ரோடு பைக்கின் 700சி ரிம் 622. ஒன்று மற்றதற்குச் சேராது. ஆனால் பிள்ளைகள் ஓட்டும் 29 இஞ்ச் மலைச் சைக்கிளின் ரிம்மும் அதே 622தான், அகலம்தான் வேறு. நம் ரோட்டுக்கு 28 முதல் 32 மில்லிமீட்டர் அகல டயர் நுழைய இடம் உள்ள பிரேமாக வாங்குங்கள். மட்கார்டு மாட்டத் துளை இருக்கிறதா என்றும் பாருங்கள். மழைக்காலத்தில் அருமை தெரியும்.

அளவு சரியில்லாவிட்டால் டைட்டானியமும் வீண். ஹேண்டில் பார் சீட்டைவிட மிகத் தாழ்ந்திருந்தால் நம் வயதுக்கு இடுப்பும் கழுத்தும் பிடித்துக்கொள்ளும். ஒரு கிலோமீட்டராவது ஓட்டிப் பார்க்க விடாத கடையில் வாங்காதீர்கள்.

பில் விஷயம். சைக்கிளுக்கு ஜி.எஸ்.டி. 2017-லிருந்து 12 சதவீதமாக இருந்து, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. பழைய இருப்பு என்று சொல்லி 12 போட்டால் ஒப்புக்கொள்ள வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு வாங்கும் சைக்கிளைக் கடை பெயரில் பில் போட்டு உள்ளீட்டு வரி வரவு எடுக்கவும் கூடாது. பிரேம் நம்பர் பெரும்பாலும் பெடல் அச்சு உருளையின் அடியில் குத்தியிருக்கும். சைக்கிளைக் கவிழ்த்து அதைப் படித்து, பில்லில் எழுதச் சொல்லி, முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டு பிறகு பணத்தைக் கொடுங்கள்.