கூட்டத்துக்கும் வேண்டும் ஒரு பாடக்குறிப்பு

நாற்பது மாணவர்கள் முன் தயக்கமின்றிப் பாடம் நடத்தும் நம்மில் பலர், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து பேசும்போது தடுமாறுகிறோம். இதற்குக் காரணம் துணிச்சல் குறைவு அல்ல. வகுப்புக்குப் பாடக்குறிப்போடு செல்கிறோம். கூட்டத்துக்கு வெறுங்கையோடு செல்கிறோம்.

இக்குழுவை அமைக்கச் சொல்வது, 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும், அரசு நிதி எப்படிச் செலவாகிறது என்று கண்காணிப்பதும் அவர்கள் பொறுப்பு. நாம் சொல்வது அவர்களுக்கு விளங்காவிட்டால், கூட்டத்தில் மிஞ்சுவது கையொப்பம் மட்டுமே.

நான்கு வரிக் குறிப்பு

"கழிப்பறையில் தண்ணீர் வசதி சரியில்லை, ஆவன செய்ய வேண்டும்" என்று சொன்னால் எல்லாரும் தலையசைப்பார்கள். யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். அதையே இப்படிச் சொல்லிப் பார்ப்போம்:

நிலைமை: மாணவியர் கழிப்பறையில் பத்து நாட்களாகத் தண்ணீர் வரவில்லை, மோட்டார் பழுது.

பாதிப்பு: 62 மாணவியருக்குச் சிரமம். மேல்வகுப்பு மாணவியர் சிலர் மதிய உணவோடு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள்.

கோரிக்கை: ஊராட்சி மூலம் மோட்டாரைச் சரிசெய்து தர வேண்டும்.

நாள்: வரும் வெள்ளிக்கிழமைக்குள்.

குழுவில் உள்ளாட்சிப் பிரதிநிதியும் இருப்பதால், கேட்க வேண்டியவரை அங்கேயே கேட்டுவிடலாம். இந்த நான்கு வரி கையில் இருந்தால் குரலில் உறுதி தானாக வரும். தலைமையாசிரியருக்கோ வட்டாரக் கல்வி அலுவலருக்கோ கடிதம் எழுதவும் இதே வரிசை போதும்.

துறைச் சொற்களை இறக்கி வைப்போம்

வளரறி மதிப்பீடு, அடைவு நிலை, எமிஸ் பதிவு ஆகியவை நமக்குப் பழகிய சொற்கள். நூறு நாள் வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்திருக்கும் தாய்க்கு அவை சுவர்கள். "உங்கள் மகனின் அடைவு குறைவு" என்பதைவிட, "கூட்டல் நன்றாகப் போடுகிறான், கழித்தலில் கடன் வாங்கும் இடத்தில் தடுமாறுகிறான். தினமும் வீட்டில் இரண்டு கணக்குப் போடச் சொல்லுங்கள்" என்பது பயன் தரும். முன்னதில் அவருக்கு வருத்தம் மட்டுமே கிடைக்கிறது. பின்னதில் செய்ய ஒரு வேலை கிடைக்கிறது.

"புரிந்ததா?" போதாது

வகுப்பில் இந்தக் கேள்விக்கு எல்லாரும் "புரிந்தது" என்பார்கள். கூட்டத்திலும் அப்படியே. அதனால் தீர்மானத்தைப் பதிவேட்டில் எழுதியதும் உரக்க வாசிப்போம். கையொப்பம் அதன் பிறகே. பின்வரிசையில் அமைதியாக அமர்ந்திருக்கும் தாய்மாரிடம், "நீங்கள் சொல்லுங்கம்மா, வெள்ளிக்கிழமை வரை பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு செய்யலாம்?" என்று கேட்போம். பிள்ளைகள் வீட்டில் சொல்லும் குறைகள் அவர்களுக்குத்தான் முதலில் தெரியும்.

தெரியாததைத் தெரியாது என்போம்

"அந்த நிதி ஏன் இன்னும் வரவில்லை?" என்று ஒருவர் கேட்கலாம். விடை தெரியாதபோது சுற்றி வளைத்தால் நம்பிக்கை குறையும். "எனக்குத் தெரியவில்லை, அலுவலகத்தில் கேட்டு, புதன்கிழமைக்குள் சொல்கிறேன்" என்பது நேர்மையான விடை. புதன்கிழமை மறக்காமல் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த கூட்டத்தின் முதல் வேலையாக, சென்ற கூட்டத் தீர்மானங்களை வாசித்து, எது முடிந்தது, எது முடியவில்லை என்று சொல்வோம். முடியாததற்குப் புதிய நாள் குறிப்போம். தாம் பேசியதற்குப் பலன் உண்டு என்று கண்ட பெற்றோர், மறுமுறை கூப்பிடாமலே வருவார்கள்.