விளையாட்டுப் பெட்டிக்கு ஒரு கட்டுப்பாட்டுப் பலகை

(பத்தாம் வகுப்பு மாணவி)

"பதறாத காரியம் சிதறாது" என்பது நம் முன்னோர் மொழி. இதன் பொருளை நான் பாடப் புத்தகத்தில் அல்ல, பாழாய்ப்போன ஒரு ப்ளைவுட் பலகையில்தான் கற்றுக்கொண்டேன். அந்த அனுபவத்தை அன்புத் தோழியரோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஆர்கேட் பெட்டி என்பது காசு போட்டு நின்றபடி விளையாடும் வீடியோ விளையாட்டுப் பெட்டி. 1972-இல் அமெரிக்காவின் அட்டாரி நிறுவனம் வெளியிட்ட 'பாங்', 1978-இல் ஜப்பானின் டைட்டோ நிறுவனம் வெளியிட்ட 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆகியவை இவ்வகையில் பெரும்புகழ் பெற்றவை. 1997-இல் இத்தாலியரான நிக்கோலா சால்மோரியா, அப்பழைய விளையாட்டுகளைச் சாதாரணக் கணிப்பொறியில் இயங்கச் செய்யும் 'மேம்' என்ற மென்பொருளை வெளியிட்டார். அதன்பின், பழைய கணிப்பொறியை மரப்பெட்டிக்குள் வைத்துத் தாமே ஆர்கேட் பெட்டி செய்வது பல நாடுகளில் பொழுதுபோக்காக வளர்ந்தது. கோடை விடுமுறையில் என் மாமாவும் நானும் அம்முயற்சியில் இறங்கினோம்.

பெட்டியின் உயிர்நாடி கட்டுப்பாட்டுப் பலகை. ஜாய்ஸ்டிக் எனப்படும் கைப்பிடியும் பொத்தான்களும் பொருத்தப்படும் இடம் அதுவே. நான் ஒரு படத்தைப் பார்த்து, இடப்பக்கம் ஒரு ஜாய்ஸ்டிக், வலப்பக்கம் ஆறு பொத்தான்கள் என்று அவசரமாகக் கோடு போட்டேன். மாமா துளையிட்டார். வேலை முடிந்ததும் நான்காம் வகுப்பில் படிக்கும் என் தங்கை அருகில் வந்தாள். பிறவியிலேயே அவள் வலக்கை விரல்களுக்குப் பலம் குறைவு. பலகையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "அக்கா, இதில் என் கைக்கு எது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பாட்டிதான், "கையைப் பார்க்காமல் யாராவது வளையல் வாங்குவார்களா?" என்றார். அன்றே அப்பலகையை ஓரம் கட்டினோம்.

மறுபடி தொடங்கியபோது மூன்று கேள்விகளை வரிசையாக எழுதிக்கொண்டோம்.

முதற் கேள்வி: எந்த விளையாட்டு?

ஒவ்வொரு விளையாட்டும் தனக்கென்று ஒரு பலகை கேட்கிறது. 1980-இல் வந்த 'பேக்-மேன்' பெட்டியில் நடுவே ஒரே ஒரு ஜாய்ஸ்டிக்தான். ஆட்டத்தைத் தொடங்கும் பொத்தானைத் தவிர வேறு பொத்தான் கிடையாது. 1979-இல் வந்த 'ஆஸ்டிராய்ட்ஸ்' அதற்கு நேர்மாறு: ஜாய்ஸ்டிக்கே இல்லை, ஐந்து பொத்தான்கள் மட்டும். 1981-இல் டோனா பெய்லி என்ற பெண்மணி எட் லாக் என்பவரோடு சேர்ந்து உருவாக்கிய 'சென்டிபீட்' உருட்டுப் பந்தால் ஆடப்படுவது. 1991-இல் வந்த 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2' ஆட்டத்திற்கோ ஆறு பொத்தான்கள் தேவை. எல்லாவற்றையும் ஒரே பலகையில் திணித்தால் கை வைக்கவும் இடமிராது. ஆகவே, அடிக்கடி ஆடப்போகும் நான்கைந்தைத் தேர்ந்து, அவற்றிற்கு வேண்டியதை மட்டும் வைப்பதே அறிவுடைமை.

ஜாய்ஸ்டிக்கிலும் இரு வகை உண்டு. கைப்பிடியின் அடியில் நாற்புறமும் நான்கு மைக்ரோ சுவிட்சுகள் உள்ளன. எண்திசை வகையில் கைப்பிடியை மூலைக்குத் தள்ளினால் இரண்டு சுவிட்சுகள் ஒருங்கே அழுந்தும். நாற்திசை வகையில் ஒரு தடுப்புத் தகடு மூலைக்குப் போகவிடாது. பேக்-மேன் ஓடும் சந்துகளில் மூலைவாட்டு வழியே இல்லை. அதை எண்திசைக் கைப்பிடியால் ஆடினால் திரும்ப வேண்டிய சந்தைத் தவறவிட நேரும். தகட்டைத் திருப்பி வைத்து இரு வகையாகவும் பயன்படுத்தக்கூடிய ஜாய்ஸ்டிக்கும் கிடைக்கிறது, அதையே வாங்கினோம்.

இரண்டாம் கேள்வி: யார் ஆடப் போகிறார்கள்?

இதைத்தான் நான் முதலில் கேட்டிருக்க வேண்டும்! 1982-இல் வெளியான 'ரோபோட்ரான்: 2084' பெட்டியில் இரண்டு ஜாய்ஸ்டிக்குகள் உண்டு: ஒன்று நகர்வதற்கு, மற்றொன்று சுடுவதற்கு. அதை உருவாக்கியவர்களுள் ஒருவரான யூஜீன் ஜார்விஸ் விபத்தில் வலக்கை அடிபட்டு, மாவுக்கட்டுடன் வேலைக்குத் திரும்பியிருந்தார். பொத்தானை அழுத்த இயலாத அந்நிலைதான் இந்தப் புது அமைப்பை அவருக்குத் தோன்றச் செய்த காரணங்களுள் ஒன்று. இதைப் படித்தபோது எனக்குப் பெரும் ஊக்கம் பிறந்தது.

ஜாய்ஸ்டிக்கை நடுவில் வைத்தோம், எக்கையாலும் பிடிக்கலாம். வலப்பக்கம் வழக்கமான 30 மி.மீ. பொத்தான்களோடு, 60 மி.மீ. அகலமுள்ள பெரிய பொத்தான் ஒன்றையும் சேர்த்தோம். அதை விரலால் அழுத்த வேண்டுவதில்லை. உள்ளங்கையின் ஓரமே போதும். முதற் பொத்தானுக்குப் போகும் அதே இரு வயர்களை இதற்கும் இணைத்துவிட்டால், இரண்டில் எதை அழுத்தினாலும் கணிப்பொறிக்கு ஒன்றுதான்.

மூன்றாம் கேள்வி: எங்கே, எவ்வளவு தூரத்தில்?

இதற்கு மரம் வேண்டாம். பழைய அட்டைப்பெட்டி போதும். பலகையின் உண்மை அளவில் அட்டையை வெட்டி, பொத்தான் அளவில் வட்டங்கள் நறுக்கி, அதன்மேல் கையை வைத்துப் பார்க்க வேண்டும். நடுவிரல் நீளமானது, ஆதலால் அதன் பொத்தான் சற்று மேலே இருக்க வேண்டும். பொத்தானின் விளிம்பு துளையைவிட அகலமானது என்பதால் மையத்திற்கு மையம் 38 மி.மீ. விட்டோம். ஆட்டத்திலிருந்து வெளியேறும் பொத்தானைக் கை தவறிப் படாத பக்கவாட்டில் வைத்தோம். பலகையின் அடிப்பக்கத்தையும் மறக்கலாகாது! ஜாய்ஸ்டிக்கின் அடித்தகடு மேலே தெரியும் கைப்பிடியைவிடப் பன்மடங்கு அகலம். 18 மி.மீ. பலகையில் கைப்பிடி குட்டையாகிவிடும். எனவே அடியில் சிறிது குடைந்து பொருத்த வேண்டும்.

கடைசியாக வயர் வேலை. மைக்ரோ சுவிட்சில் மூன்று கால்கள் உண்டு: ஒன்று பொது, ஒன்று அழுத்தினால் இணைவது, மற்றொன்று அழுத்தினால் பிரிவது. முதல் இரண்டையே பயன்படுத்த வேண்டும். நான் ஒரு பொத்தானில் கால் மாற்றிச் செருகியதால் யாரும் தொடாமலே அது அழுந்தியே கிடந்தது! எல்லாப் பொத்தான்களின் பொதுக் காலையும் ஒரே வயரால் சங்கிலிபோல் கோத்து, மற்றக் கால்களைத் தனித்தனி வயரால் யு.எஸ்.பி. என்கோடர் என்னும் சிறு மின்பலகையோடு இணைத்தோம். பழைய விசைப்பலகையைப் பிரித்தும் இதைச் செய்யலாம். ஆனால் அதில் பல விசைகளை ஒன்றாக அழுத்தும்போது சில பதிவாகாமல் போவதுண்டு.

அட்டையில் நான்கு நாள் செலவாயிற்று. மரத்தில் துளையிட அரைநாளே ஆனது. பெட்டி இயங்கிய முதல் மாலை, தங்கை இடக்கையால் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துப் பேக்-மேன் ஆடினாள். மூன்றாம் ஆட்டத்திலேயே என்னைத் தோற்கடித்தாள். அதன்பின் பெரிய பொத்தானை வைத்து ஆடும் ஆட்டங்களையும் பழகிக்கொண்டு, இன்று வீட்டில் முதலிடம் அவளுக்கே.

தோழியரே! நாம் செய்வது விளையாட்டுப் பெட்டியாக இருக்கலாம், பள்ளிக் கண்காட்சிப் பொருளாக இருக்கலாம். ரம்பத்தை எடுக்குமுன் அட்டையை எடுப்போம். அட்டையை எடுக்குமுன் அதில் வைக்கப்போகும் கையைப் பார்ப்போம். பாழான அந்த முதற் பலகை இன்று என் மேசைமேல் பேனாக்களைச் செருகும் தாங்கியாக இருக்கிறது. அதன் ஏழு துளைகளும் எனக்கு அதை நாள்தோறும் நினைவூட்டுகின்றன.