சூரிய ஒளித் தகடும் மின் தணிக்கையும்

“ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு” என்பது நம் முன்னோர் வாக்கு. கூரையின்மீது தகடு பதித்துச் சூரிய ஒளியினின்று மின்சாரம் பெற விழைவோர்க்கும் இம்மொழி பொருந்தும். அரசாங்கம் தரும் கழிவுப் பணத்தை எண்ணி மகிழ்வோர் பலர். தம் வீட்டில் மாதந்தோறும் எத்தனை யூனிட் செலவாகின்றது என்று எண்ணிப் பார்ப்போர் சிலரே. எண்ணாது தகடு வாங்குதல் சிறு வருவாயுள்ள குடும்பத்திற்கு இழப்பாக முடியக்கூடும். அதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தணிக்கை என்றவுடன் தோட்டத்துக் கிராணியாரின் பேரேடு நம் நினைவிற்கு வரும். மின் தணிக்கையும் அத்தகையதே. எந்தக் கருவி, எத்தனை வாட், நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் என்று பதிந்து, வீண் செலவு எங்கே நிகழ்கின்றது எனக் காண்பதே அது. ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் இயங்கினால் ஒரு யூனிட் செலவாகும். இவ்வளவு தெரிந்தாலே போதும்.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலம் 2007ஆம் ஆண்டில் சூரிய மின்சாரத்திற்குக் கழிவு வழங்கும் பெருந்திட்டம் ஒன்றைத் தொடங்கிற்று. முன்பே கட்டப்பெற்ற வீட்டிற்கோ கடைக்கோ கழிவு கோருவோர், மின் தணிக்கை செய்திருத்தல் வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று. காரணம் யாதெனின், வீண் செலவை முதலில் நீக்கிவிட்டால் சிறிய தகடே போதும். வீட்டாரின் பணமும் மிஞ்சும், அரசாங்கத்தின் பணமும் மிஞ்சும்.

நம் நாட்டில் தணிக்கை பெரிய நிறுவனங்களுக்கே சட்டக் கடமை. 2025 ஜனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்த எரிசக்தித் திறன், சேமிப்புச் சட்டம், ஆண்டிற்கு 21,600 கிகாஜூலும் அதற்கு மேலும் செலவிடுவோரைத் தணிக்கைக்கு உட்படுத்துகின்றது. மின்சார யூனிட்டாகக் கூறின் அஃது 60 இலட்சம். மாதம் 200 யூனிட் செலவிடும் வீடுகள் 2,500 சேர்ந்தால்தான் அவ்வளவாகும். எனவே, நம் வீட்டுக் கணக்கை நாமே பார்த்தல் வேண்டும்.

வீடுகளுக்கென 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை ‘சோலாரிஸ்’ என்னும் கழிவு வழங்கப்பட்டது. கிலோவாட் ஒன்றுக்கு 1,000 வெள்ளி. மிகுதியாக 4,000 வெள்ளி. இக்கழிவு தகட்டின் திறனைக் கொண்டு அளக்கப்பட்டதேயன்றி, வீட்டின் செலவைக் கொண்டு அன்று. இதன் விளைவை இரு வீடுகளைக் கொண்டு காண்போம்.

இரு வீட்டாரும் 4 கிலோவாட் தகடு பதிக்கின்றனர். விலை 16,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். கழிவு போக அவர்கள் செலுத்துவது 12,000 வெள்ளி. நம் வெயிலில் அத்தகடு மாதம் ஏறத்தாழ 400 யூனிட் தரும். 2025 ஜூன் வரை இருந்த கட்டணப்படி முதல் 200 யூனிட்டிற்கு யூனிட் ஒன்று 21.80 காசு, அடுத்த 100 யூனிட்டிற்கு 33.40 காசு, 301 முதல் 600 வரை 51.60 காசு.

ஜாசினில் உள்ள முதல் வீட்டார் மாதம் 200 யூனிட் செலவிடுவோர். அவர்தம் கட்டணம் 43.60 வெள்ளி. அது முழுதும் மிச்சமானாலும் ஆண்டிற்கு 523.20 வெள்ளியே. போட்ட பணம் திரும்ப ஏறக்குறைய 23 ஆண்டுகள் ஆகும். ஆயர் குரோவில் உள்ள இரண்டாம் வீட்டார் 600 யூனிட் செலவிட்டு 231.80 வெள்ளி கட்டுவோர். தகட்டினால் அவர்க்கு மாதம் 188.20 வெள்ளி மிச்சம். ஐந்தாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் முதல் திரும்பிவிடும். தகடும் ஒன்றே, கழிவும் ஒன்றே, பயனோ வேறு. மேலும், மிஞ்சிய மின்சாரத்தைக் கட்டணத்தில் கழித்துக்கொள்ளும் சலுகை அன்று 10 ஆண்டுகளுக்கே வழங்கப்பட்டது என்பதையும் நோக்குக. முதல் வீட்டார்க்கு அதற்குள் பாதிப் பணமும் திரும்பியிராது.

2025 ஜூலையில் கட்டண முறை மாறிற்று. பழைய நிகர மின் அளவீட்டுத் திட்டமும் முடிவுற்று, ‘சோலார் அடாப்’ என்னும் திட்டம் வந்துள்ளது. எண்கள் மாறினும் கணக்கிடும் முறை மாறாது.

தோட்ட லயங்களில் கூரை நிறுவனத்திற்கு உரியது. ஆதலின் அங்கு வாழ்வோர் தாமாகத் தகடு பதிக்க இயலாது. தோட்டத்தை விட்டு வந்து அலோர் காஜா, மஸ்ஜித் தானா, மெர்லிமாவ் தாமான்களில் கடன்பட்டு வீடு வாங்கியோர்க்கே இக்கேள்வி எழுகின்றது. முன்னமே வீட்டுத் தவணை கட்டுவோர், தகட்டுத் தவணையையும் தலையில் ஏற்றுமுன் நின்று சிந்தித்தல் நலம்.

இங்கே ஆசிரியர்கள் செய்யத்தக்க தொண்டு ஒன்று உண்டு. ஆறாம் ஆண்டு மாணவரைப் பன்னிரண்டு மாத மின் கட்டணச் சீட்டைக் கொண்டுவரச் செய்து, மாதச் சராசரி காணச் சொல்லலாம். இரவு படுக்குமுன்னும் காலையில் எழுந்தவுடனும் மீட்டரைப் படித்து எழுதச் சொல்லலாம். உறங்கும் வேளையில் எது மின்சாரத்தை உண்கின்றது என்பது அதனால் புலப்படும். நாற்பது வாட் பழைய குழல் விளக்கு மூன்றை நீக்கிப் பதினெட்டு வாட் எல்.இ.டி. விளக்கு இட்டால், நாளுக்கு ஐந்து மணி நேரம் எரிப்போர்க்கு மாதம் ஏறத்தாழ 10 யூனிட் குறையும். குளிர்பதனப் பெட்டியில் ஒட்டப்பட்ட நட்சத்திரங்கள் மிகுந்தால் மின்செலவு குறையும் என்பதையும் கற்பிக்கலாம். பெருக்கலும் சராசரியும் கற்பிக்க இதனினும் நல்ல பாடம் வேண்டுவதில்லை.

அத்தாளை மாணவன் வீட்டிற்கு எடுத்துச் செல்லட்டும். தகடு விற்க வருபவர் வாசலில் நின்று கழிவைப் பற்றிப் பேசும்போது, பெற்றோர் கையில் தம் வீட்டுக் கணக்கு இருக்கும். அதன்பின் வாங்குவதோ விடுப்பதோ, அறிந்து செய்த முடிபாக அமையும்.