ஒரு டன் பாக்சைட்டில் ஐம்பது கிராம்

போன மாதம் வீட்டில் ஒரு மொபைல் சார்ஜர் போய்விட்டது. புதிதாக வாங்கியது பழையதில் பாதி அளவுதான், ஆனால் வேகம் அதிகம். டப்பாவில் காலியம் நைட்ரைடு என்று போட்டிருந்தது. அந்த ஒரு பெயரைப் பிடித்துக்கொண்டு போனதில் மூன்று வாரம் ஓடிவிட்டது. வேற வேலையே இல்லையா என்று வீட்டில் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கிடைத்ததை இங்கே எழுதி வைக்கிறேன்.

காலியம் வெள்ளி நிறத்தில் இருக்கும் ஓர் உலோகம். கிட்டத்தட்ட 30 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். மே மாதச் சென்னையில் அலமாரிக்குள் வைத்தால் தண்ணீராகத்தான் கிடக்கும். செல்போனில் சிக்னலைப் பெருக்கும் சில்லு, எல்.ஈ.டி. விளக்கு, ராணுவ ரேடார் எல்லாவற்றிலும் இதன் சேர்மங்கள் இருக்கின்றன. 2023 ஆகஸ்ட் 1 முதல் காலியத்தையும் ஜெர்மேனியத்தையும் ஏற்றுமதி செய்ய லைசென்ஸ் வேண்டும் என்றது சீனா. 2024 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவுக்கு அனுப்புவதையே தடை செய்தது. 2025 நவம்பரில் அந்தத் தடையை ஓராண்டுக்கு நிறுத்தி வைத்தது.

சீன மண்ணில் காலியம் கொட்டிக் கிடக்கிறது, மற்றவர்களிடம் இல்லை, அதனால்தான் இந்தப் பிடி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். தப்பு. பூமியின் மேலோட்டில் காலியமும் ஈயமும் ஏறக்குறைய ஒரே அளவில் இருக்கின்றன. ஈயத்தை யாரும் அபூர்வம் என்று சொல்வதில்லையே!

இந்தத் தப்பைத் திருத்தியது அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் வெளியிடும் ஒரு ஆண்டறிக்கை. யு.எஸ்.ஜி.எஸ். என்றால் பலருக்கும் நிலநடுக்கம் ஞாபகம் வரும். 1879-ல் தொடங்கிய அந்த அமைப்பு வருஷா வருஷம் கனிமப் பொருட்களுக்கு ஆளுக்கு இரண்டு பக்கம் என்று ஒரு கணக்கு போடுகிறது. எவ்வளவு வெட்டினார்கள், எங்கிருந்து இறக்குமதி, என்ன விலை, எதற்குப் பயன்படுகிறது, அவ்வளவுதான். படமோ அலங்காரமோ கிடையாது. முன்பு இந்த வேலையைச் செய்தது சுரங்கத் துறை என்ற தனி அலுவலகம். 1996-ல் அதை மூடிவிட்டு, கணக்குப் பிரிவை மட்டும் யு.எஸ்.ஜி.எஸ்.ஸிடம் தள்ளினார்கள்.

அட்டவணைகளில் அங்கங்கே எண்ணுக்குப் பதிலாக டபிள்யூ என்று ஒரே ஓர் எழுத்து நிற்கும். முதலில் அச்சுப்பிழை என்று நினைத்தேன். வெளியிடாமல் நிறுத்தி வைத்தது என்று அர்த்தமாம். ஒரு பொருளை ஒன்றிரண்டு கம்பெனிகள்தான் செய்கின்றன என்றால், மொத்த எண்ணைப் போட்டாலே அந்தக் கம்பெனியின் ரகசியம் வெளியே வந்துவிடும். அதனால் மறைக்கிறார்கள். அந்த நம்பிக்கை இருப்பதால்தான் கம்பெனிகள் கணக்குக் கொடுக்கின்றன.

காலியத்தின் இரண்டு பக்கத்தில் என் கண் நின்ற வரி, 1987-க்குப் பிறகு அமெரிக்காவில் முதல்நிலைக் காலியம் எடுக்கப்படவே இல்லை என்பது. இறக்குமதியைச் சார்ந்திருக்கும் அளவு 100 சதவீதம். மற்ற நாடுகளும் ஒவ்வொன்றாகக் கடையை மூடியதைப் பின்னர் வந்த பதிப்புகள் பதிவு செய்திருக்கின்றன: கஜகஸ்தான் 2013, ஹங்கேரி 2015, ஜெர்மனி 2016, உக்ரைன் 2019. கடைசியில் உலகக் காலியத்தில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு பங்கு சீனாவிலிருந்து வருகிறது. 2023-ல் எல்லோரும் அதிர்ச்சி அடைந்தார்கள். அதிர்ச்சிக்கான காரணம் பல வருஷமாக இலவசமாகவே அச்சில் இருந்தது.

ஏன் மூடினார்கள்? காலியத்துக்கென்று உலகில் எங்கும் தனிச் சுரங்கம் இல்லை. அது பாக்சைட்டுக்குள் ஒளிந்து வருகிறது. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டை வைத்து மேட்டூரில் அலுமினியம் செய்தார்களே, அதே சிவப்புக் கல். அதைப் பொடித்துச் சூடான காஸ்டிக் சோடாவில் கரைப்பார்கள். அலுமினா கரையும், கூடவே கொஞ்சம் காலியமும் கரையும். அலுமினாவைப் படியவைத்து எடுத்துவிட்டு, மீந்த கரைசலைத் திரும்பவும் அடுத்த லோடு கல்லுக்கு ஊற்றுவார்கள். இப்படிச் சுற்றச் சுற்றக் கரைசலில் காலியம் சேர்ந்துகொண்டே போகும். அந்தக் குழாயில் ஒரு பிசின் வடிகட்டியை மாட்டினால் பிடித்துவிடலாம். மாட்டாவிட்டால் ஆலைக்கு ஒன்றும் குறைந்துவிடாது. சிக்கலே அங்கேதான்.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். பாக்சைட்டில் டன்னுக்குச் சராசரியாக 50 கிராம் காலியம் இருக்கும். வருஷத்துக்கு 10 லட்சம் டன் அலுமினா செய்யும் ஆலைக்குச் சுமார் 25 லட்சம் டன் பாக்சைட் வேண்டும். அதில் இருக்கும் காலியம் 125 டன். எடுக்கக்கூடியது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு என்கிறது யு.எஸ்.ஜி.எஸ். தாராளமாகவே 12 டன் என்று வைப்போம். கிலோ 300 டாலர் என்றால் 36 லட்சம் டாலர். அதே ஆலையின் அலுமினா, டன் 400 டாலர் என்று வைத்தாலே 40 கோடி டாலர். ஒரு சதவீதத்துக்கும் கீழே வரும் வருமானத்துக்காக எந்த மேனேஜர் ஓடும் ஆலையின் குழாயில் கை வைப்பார்? விலை இரண்டு மடங்கானால்கூட அவர் அசைய மாட்டார். சீனாவின் கதை வேறு. உலக அலுமினாவில் பாதிக்கு மேல் அங்கேதான் செய்கிறார்கள். அந்த அளவில் வடிகட்டி மாட்டியபின் விலை விழுந்தது. மற்றவர்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை.

இன்னொரு பக்கம், அமெரிக்கா ஒரு வருஷத்தில் பயன்படுத்தும் காலிய உலோகம் ஏறக்குறைய 20 டன். இரண்டு லாரி லோடு. அதன் மதிப்பு மேலே சொன்ன விலையில் 60 லட்சம் டாலர். ஆனால் சீனா முழுவதும் நிறுத்தினால் அமெரிக்கப் பொருளாதாரத்துக்கு ஆகும் இழப்பு காலியத்தால் மட்டும் 310 கோடி டாலர் என்று யு.எஸ்.ஜி.எஸ். மதிப்பிட்டது. தடை வருவதற்குச் சில வாரங்கள் முன்பு, 2024 நவம்பரில் வந்த அறிக்கை அது. 500 மடங்கு. உப்பு இல்லாமல் கல்யாணச் சமையல் நின்றுபோவது மாதிரி.

முக்கியக் கனிமங்கள் என்ற பட்டியலே இந்த மாதிரிக் கணக்கில்தான் பிறக்கிறது. மண்ணில் எவ்வளவு இருக்கிறது என்று அவர்கள் முதலில் கேட்பதில்லை. சப்ளை நிற்க எவ்வளவு வாய்ப்பு, நாடு எவ்வளவு வெளியை நம்பியிருக்கிறது, நின்றால் எந்தத் தொழில் தாங்காது என்று கேட்கிறார்கள். எங்கள் தெருவுக்கு ஒரே பால்காரர் இருந்த காலத்தில் அவருக்குக் காய்ச்சல் என்றால் யார் வீட்டில் கவலைப்படுவார்கள்? மாடு வைத்திருந்த வீட்டில் இல்லை. காபி குடிக்காத வீட்டிலும் இல்லை. மூன்றும் சேர்ந்தால்தான் ஆபத்து. 2018-ல் அந்தப் பட்டியலில் 35 இருந்தன, 2022-ல் 50, 2025-ல் 60. முதல் தாவலைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அரிய மண் தனிமங்களை ஒரே வரியாக எழுதியதைப் பிரித்துத் தனித்தனியாக எழுதியதுதான் பெரும்பகுதி. 2025 பட்டியலுக்காக 84 பொருட்களை எடுத்துக்கொண்டு, எது நின்றால் 402 தொழில்களில் யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்று 1,200-க்கும் மேற்பட்ட சூழ்நிலைகளை ஓட்டிப் பார்த்தார்கள். எனக்குப் பிடித்தது இந்தக் கடைசி முறைதான். பயத்தை டாலரில் சொன்னால்தான் நிதித்துறைக்குப் புரியும்.

இந்தியாவும் 2023-ல் 30 கனிமங்களின் பட்டியல் ஒன்றை வெளியிட்டது. காலியம் அதில் இருக்கிறது. உத்தரப்பிரதேசத்தின் ரேணுகூட், ஒடிசாவின் தாமன்ஜோடி ஆலைகளில் முன்பு காலியம் எடுத்தார்கள், பிறகு விட்டுவிட்டார்கள் என்று நம் சுரங்க அமைச்சக ஆவணங்களே சொல்கின்றன. பாக்சைட் இருக்கிறது, ஆலை இருக்கிறது, கரைசல் சுற்றிக்கொண்டிருக்கிறது. தனியார் முதலாளியிடம் நஷ்டத்துக்கு எடு என்று சொல்ல முடியாது. ஆனால் தாமன்ஜோடி பொதுத்துறை நிறுவனமான நால்கோவுடையது. அங்கே ஒரு வடிகட்டிக்கு அரசே குறைந்தபட்ச விலை உத்தரவாதம் கொடுத்தால் என்ன கெட்டுப்போகும் என்று எனக்குப் புரியவில்லை. 2025 அக்டோபரில் அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் போட்ட ஒப்பந்தத்தில், மேற்கு ஆஸ்திரேலியாவின் ஓர் அலுமினா ஆலையில் ஆண்டுக்கு 100 டன் காலியம் எடுக்கும் திட்டத்துக்கு அரசுப் பணம் போவது இந்த வழியில்தான்.

அந்த ஆலையிலிருந்து உலோகம் வந்து சேரும்வரை அமெரிக்கக் கணக்குப் புத்தகத்தில் பெரிதாக எதுவும் மாறாது. 2025 பதிப்பைத் திறந்து பார்த்தேன். காலியத்துக்கு நேரே இறக்குமதிச் சார்பு இன்னும் 100 என்றுதான் இருக்கிறது.