அமில மழை குறைந்ததா? கணக்குப் பார்த்த விதம்

புகையைக் குறைக்கச் சட்டம் போடுவது இலகு. அதனால் பலன் கிடைத்ததா என்று கணக்குப் பார்ப்பதுதான் கஷ்டம். ஐக்கிய அமெரிக்கா இந்தக் கணக்கைப் பார்த்த விதம் வியாபாரிகளாகிய நமக்கும் உதவும் என்பதால் இவ்வாரம் அதை எடுத்துக்கொள்கிறேன்.

நிலக்கரி எரிக்கும் மின் நிலையங்களிலிருந்து வெளியேறும் கந்தகவீரொட்சைட்டு வாயு பல நூறு மைல் தூரம் சென்று, மழையோடு அமிலமாக இறங்குகிறது. ஏரிகளில் மீன்கள் அழிகின்றன, காடுகள் நலிகின்றன. இதைத் தடுக்க 1990இல் அங்கு சட்டம் வந்தது. மொத்தமாக இத்தனை தொன்தான் வெளியேறலாம் என்று அரசு வரையறுத்தது. ஒரு தொன்னுக்கு ஓர் அனுமதி. குறைவாக வெளியேற்றும் கொம்பனி மீதி அனுமதியை விற்கலாம். மீறினால் தொன்னுக்கு 2,000 டொலர் தண்டம். 1995இல் இது நடைமுறைக்கு வந்தது.

விற்கும் பொருளென்றால் நிறுவை சரியாக இருக்க வேண்டும். ஆகவே புகைபோக்கிகளிலேயே கருவிகள் பொருத்தி மணிக்கு மணி அளந்தார்கள். 1980இல் மின் நிலையங்கள் வெளியேற்றியது சுமார் 17 மில்லியன் தொன். 2010இல் அது சுமார் 5 மில்லியன் தொன்.

இது அனுப்பியவர் பக்கத்துக் கணக்கு. சரக்கு வந்து இறங்கிய இடத்திலும் நிறுத்துப் பார்க்க வேண்டுமல்லவா? அதற்காக 1978 முதலே நாடெங்கும் மழைநீர் சேகரிக்கும் நிலையங்கள் இயங்கி வந்தன. மழை தொடங்கியதும் பாத்திரத்தின் மூடி தானாகத் திறக்கும், நின்றதும் மூடிக்கொள்ளும். வாரம் ஒரு முறை நீரை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவார்கள். மழை ஒரு வருடம் கூடும், மறு வருடம் குறையும் என்பதால் பல வருடச் சராசரிகளையே ஒப்பிட்டார்கள். கிழக்கு மாநிலங்களில் மழையோடு இறங்கும் கந்தகம் பாதிக்கும் மேலாகக் குறைந்திருந்தது. இரு பக்கக் கணக்கும் பொருந்தின.

ஆனாலும் ஒரு கேள்வி மிஞ்சுகிறது. பெருநாள் மாதத்தில் விற்பனை கூடினால் புதிய விளம்பரம்தான் காரணம் என்று சொல்லிவிட முடியுமா? அங்கும் 1980இல் ரயில் கட்டணக் கட்டுப்பாடுகள் தளர்ந்ததால், கந்தகம் குறைந்த வயோமிங் நிலக்கரி மலிவாகத் தூர இடங்களுக்கும் வந்தது. சில கொம்பனிகள் சட்டம் இல்லாவிட்டாலும் அதையே வாங்கியிருக்கும். 1996இல் ஒரு தொன் அனுமதி 100 டொலருக்கும் கீழே போனதற்கு இதுவும் ஒரு காரணம். எனவே சட்டமே வராதிருந்தால் எவ்வளவு வெளியேறியிருக்கும் என்று மதிப்பிட்டு, அந்த வித்தியாசத்தை மட்டுமே பொருளியலாளர்கள் சட்டத்தின் பலனாக எழுதினார்கள்.

இன்னொன்றும் உண்டு. நியூ ஹம்ப்ஷயரின் ஹப்பார்ட் புறூக் காட்டில் 1963 முதல் நடக்கும் ஆய்வு, அமில மழை மண்ணிலிருந்த கல்சியத்தைக் கழுவிச் சென்றதைக் காட்டியது. புதுக் கடன் வாங்குவதை நிறுத்தினாலும் பழைய கடன் உடனே தீராதே! மழை தேறிய வேகத்தில் மண் தேறவில்லை.

ஆகவே, சூழலுக்கு நல்லதென்று நம்மிடம் செலவு கேட்பவரிடமும், பயனில்லை என்று மறுப்பவரிடமும் ஒன்றையே கேளுங்கள்: எங்கே, எத்தனை வருடம் அளந்தீர்கள்?