வேரைப் பார்க்காமல் உரம் போடலாமா?



காய்ச்சல் என்று கிளினிக்குக்குப் போனால், மருத்துவர் எடுத்த எடுப்பிலேயே மருந்து எழுதிக் கொடுப்பதில்லை. நாக்கை நீட்டச் சொல்கிறார். இரத்த அழுத்தம் பார்க்கிறார். தேவைப்பட்டால் இரத்தப் பரிசோதனைக்கும் அனுப்புகிறார். ஆனால், செம்பனையின் மட்டை மஞ்சளித்தால் நாம் என்ன செய்கிறோம்? கடைக்குப் போய் மேலும் இரண்டு மூட்டை உரம் வாங்கி வந்து கொட்டுகிறோம். மரத்தின் வாய், வயிறு இரண்டுமே வேர்தான். அந்த வேரையும் அது நிற்கும் மண்ணையும் பார்க்காமல் செய்யும் செலவு, பல வேளைகளில் கால்வாயில் கொட்டிய செலவாகிவிடுகிறது.

மண்ணையும் வேரையும் தோட்டத்திலேயே பார்க்க உதவும் கையடக்கக் கருவிகளைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம். சுங்கை ஆயர் தாவார், சபாக் பெர்ணம், கோலசிலாங்கூர் வட்டாரங்களில் சொந்தமாகச் சில ஏக்கர் வைத்திருப்பவர்கள் இதைச் சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டுகிறேன்.

நம் கைபட்ட மண்

மலேசியாவில் வணிக நோக்கில் செம்பனை முதன்முதலாக நடப்பட்டது 1917-இல், கோலசிலாங்கூர் மாவட்டத்தின் தென்னமரம் தோட்டத்தில். நட்டவர் பிரெஞ்சுக்காரரான ஹென்றி ஃபொக்கோனியே. தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது. மண்ணைக் கொத்தியதும் கன்று நட்டதும் நம்மவர் கைகளே. ஆனால், மண்ணைச் சோதிக்கும் கருவி மட்டும் நெடுங்காலம் துரைமார், ஆய்வு அதிகாரிகள் கையில்தான் இருந்தது. இன்று அந்த நிலை மாறிவிட்டது. சிறு தோட்டக்காரரும் வாங்கிப் பழகக்கூடிய கருவிகள் வந்துவிட்டன.

களிமண்ணுக்குள் ஒளிந்திருக்கும் புளிப்பு

மலாய் மொழியில் ‘ஆயர் தாவார்’ என்றால் உப்பில்லாத நன்னீர் என்று பொருள். ஆனால், இக்கடற்கரை ஓரத்து மண், கடல்நீரும் காண்டாக்காடும் சேர்ந்து உருவாக்கிய களிமண். இதில் பெர்ணம், சிலாங்கூர் எனப் பெயரிடப்பட்ட நல்ல மண்வகைகளும் உண்டு. அமில சல்பேட் மண் எனப்படும் வில்லங்கமான வகையும் உண்டு. இவ்வகை மண்ணின் அடியில் பைரைட் என்ற இரும்பும் கந்தகமும் சேர்ந்த தாது இருக்கிறது. நீரில் மூழ்கியிருக்கும் வரை அது சாது. கால்வாயை ஆழமாக வெட்டி நீரை வடித்துவிட்டால் காற்று உள்ளே புகுகிறது. பைரைட் கந்தக அமிலமாக மாறுகிறது. மண்ணின் பி.எச். அளவு 3.5-க்கும் கீழே இறங்கிவிடும். பி.எச். ஓர் எண் குறைந்தால் புளிப்பு பத்து மடங்கு கூடியதாகப் பொருள். அப்போது மண்ணில் கரையும் அலுமினியம் வேர்நுனியைக் கருக்குகிறது. போட்ட பாஸ்பேட் உரத்தையும் மண்ணே பிடித்து வைத்துக்கொள்கிறது. மரத்துக்கு எப்படிப் போய்ச் சேரும்?

இது புதிய செய்தியும் அல்ல. மலாயாவின் இத்தகைய மண்ணில் செம்பனை படும் பாட்டைப் பற்றி 1968-லேயே ஆய்வுக் கட்டுரை வெளிவந்துள்ளது. அரை நூற்றாண்டுக்கும் மேலாக அறிவியலுக்குத் தெரிந்த உண்மை, நம் சிறு தோட்டக்காரர் பலருக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பதுதான் வருத்தம்.

கையில் இருக்க வேண்டிய கருவிகள்

முதலாவது, மண் துளைப்பான். ஆகர் என்பார்கள். நீண்ட இரும்புத் தண்டின் நுனியில் வளைந்த அலகும், மேலே கைப்பிடியும் இருக்கும். திருகித் திருகி இறக்கினால் சுமார் நான்கடி ஆழம் வரை உள்ள மண்ணை வெளியே எடுக்கலாம். எடுத்த மண்ணை வரிசையாகச் சாக்கின் மீது அடுக்கிப் பாருங்கள். வைக்கோல் நிறத்தில் மஞ்சள் திட்டுகள் தெரிந்தால் அங்கே அமிலம் உருவாகிவிட்டது. அடியில் சாம்பல் நிறச் சேறு, அழுகிய முட்டை நாற்றத்தோடு வந்தால் அங்கே பைரைட் இருக்கலாம், எச்சரிக்கை! கால்வாய் நீர் கண்ணாடி போல் தெளிந்து, கரையில் துருநிறம் படிந்திருப்பதும் ஓர் அடையாளம். தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் அல்ல.

இரண்டாவது, பேனா வடிவ பி.எச். மீட்டர். ஒரு பங்கு மண்ணுக்கு இரண்டரைப் பங்கு வாலை வடிநீர் ஊற்றிக் கலக்கி, அரை மணி நேரம் வைத்து அளக்க வேண்டும். அளக்கும் முன் பி.எச். 4, 7 எனக் குறித்த கரைசல்களில் மீட்டரைச் சரிபார்ப்பது கட்டாயம். மண்ணில் நேரடியாகக் குத்தினால் முள் ஆடும் மலிவுக் கருவிகளை நம்பி முடிவெடுக்க வேண்டாம்.

அதிகாரிகள் ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றியும் சோதிப்பார்கள். மண் நுரைத்துப் பொங்கி, பி.எச். 2.5-க்கும் கீழே போனால் உள்ளே பைரைட் இருப்பது ஏறக்குறைய உறுதி. அந்தத் திரவம் தோலைச் சுடும், கண்ணைக் கெடுக்கும். ஆகவே அதைப் பயிற்சி பெற்றவரிடம் விட்டுவிடுவதே நல்லது.

மூன்றாவது கருவிக்குச் செலவே இல்லை எனலாம். ஒரு பிளாஸ்டிக் குழாயில் சிறு துளைகள் போட்டு மண்ணில் செங்குத்தாகப் புதையுங்கள். குச்சியை விட்டு எடுத்தால் நிலத்தடி நீர் எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்று தெரியும். அமில சல்பேட் மண்ணில் அது சுமார் 45 முதல் 60 சென்டிமீட்டர் ஆழத்தில் நிற்பது நல்லது. இறங்கினால் கால்வாயில் தடுப்புப் பலகை போட்டு நீரைத் தேக்குங்கள். இங்கே மிகப் பெரிய மருந்து உர மூட்டை அல்ல, நீர்மட்டமே.

வேர் என்ன சொல்கிறது?

செம்பனைக்கு ஆணிவேர் கிடையாது. அடித்தண்டிலிருந்து தடித்த வேர்கள் கிளம்பி, நான்கு நிலைகளாகக் கிளைக்கின்றன. கடைசி நிலையில் உள்ள நூல் போன்ற வேர்களே உணவை உறிஞ்சுகின்றன. அவற்றில் பெரும்பாலானவை மேல்மண்ணில்தான் உள்ளன.

மண்வெட்டியை எடுத்து மூன்று இடங்களில் ஓரடி ஆழம் வெட்டிப் பாருங்கள்: மரத்தைச் சுற்றிய வட்டம், குலை சுமக்கும் பாதை, வெட்டிய மட்டைகளை அடுக்கும் இடம். மட்டைக் குவியலின் கீழே மண் பொலபொலவென்று உதிரும். வெண்மையான இளவேர்கள் பின்னிக் கிடக்கும். பாதையில் மண் கட்டியாக வரும், வேர் குறைவு. பெனட்ரோமீட்டர் என்ற கூர்முனைக் கருவியை அழுத்தினால் அந்த இறுக்கத்தை எண்ணாகவே காட்டும். சதுர அங்குலத்துக்கு 300 பவுண்டு அழுத்தத்தைத் தாண்டினால் வேர் உள்ளே போவது மிக அரிது. வேர் இல்லாத பாதையில் விழும் உரம் மழைநீரோடுதான் போகும்!

ஆய்வாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார்கள். ஒளி ஊடுருவும் குழாயை மண்ணில் சாய்வாகப் புதைத்து, அதனுள் சிறு கேமராவை இறக்கி, வேரை வெட்டாமலே அது வளர்வதையும் மடிவதையும் வாரா வாரம் படம் எடுக்கிறார்கள்.

தென்னை விட்டுச் சென்ற எதிரி

நம் வட்டாரத்தில் தென்னையை அழித்துச் செம்பனை நட்டவர்கள் பலர். அவர்களுக்கு இன்னோர் எச்சரிக்கை. கனோடெர்மா என்ற பூஞ்சைக் காளான் பழைய தென்னை அடிக்கட்டையிலும் வேரிலும் தங்கியிருந்து, புதிய செம்பனையின் வேர் வழியாக நுழைகிறது. இந்நாட்டுச் செம்பனையில் இந்நோய் 1931-இல் பதிவானது. அடி மட்டைகள் தொங்கி, நடுக்குருத்துகள் விரியாமல் நிற்கும்போதுதான் நமக்குத் தெரிகிறது. அதற்குள் அடித்தண்டில் பாதி அழுகியிருக்கும். முழுமையாகக் குணப்படுத்தும் மருந்தும் இல்லை.

மரத்தைச் சுற்றி உணரிகளைப் பொருத்தி, உள்ளே எங்கே அழுகல் இருக்கிறது என்று ஒலியலை மூலம் படமாகக் காட்டும் கருவியை மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் பயன்படுத்தியுள்ளது. நம்மால் முடிந்தது ஒன்றுண்டு: மறுநடவின்போது பழைய அடிக்கட்டையையும் வேரையும் தோண்டி எடுத்து, சிறு துண்டுகளாக நறுக்கிவிடுவது. அந்த ஒரு வாய்ப்பைத் தவறவிட்டால் அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்கு நாமே விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

கூட்டாக வாங்கலாமே!

ஆளுக்கு ஒரு கருவி வாங்க வேண்டிய அவசியமில்லை. கோயில் கட்டுவதற்கும் திருவிழா நடத்துவதற்கும் கூடுகிற நாம், பத்துக் குடும்பம் சேர்ந்து ஓர் ஆகரும் ஒரு பி.எச். மீட்டரும் வாங்க முடியாதா? அளந்ததைத் தேதியோடு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வையுங்கள். செம்பனை வாரியத்தின் ‘துனாஸ்’ அதிகாரிகள் சிறு தோட்டக்காரர்களுக்கு ஆலோசனை சொல்வதற்காகவே இருக்கிறார்கள். கையில் எண்களோடு போய்க் கேட்டுப் பாருங்கள். “மரம் சரியில்லை” என்று சொல்வதற்கும், “இரண்டடி ஆழத்தில் பி.எச். 3.2” என்று சொல்வதற்கும் கிடைக்கும் பதிலில் வேறுபாடு இருக்கும்.

அடுத்த முறை மட்டை மஞ்சளித்தால் உரக்கடைக்குப் புறப்படும் முன் மண்வெட்டியோடு மரத்தடிக்குப் போங்கள். பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். தாத்தா கொத்திய மண்ணைப் பேரன் அளக்கக் கற்றுக்கொள்ளட்டும்.