தெர்மோஸ்டாட்டைக் கழட்டிவிட்டால் இன்ஜின் கூலாகிவிடுமா? பிக்கப் ஓட்டுபவர்கள் கவனத்துக்கு!

ஒட்டன்சத்திரத்தில் காய்கறி ஏற்றிக் கிளம்பும் பிக்கப் ஒன்று, மேடு ஏறும்போது டெம்பரேச்சர் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஏதாவது ஒர்க்‌ஷாப்பில் நிறுத்தினால் கிடைக்கக்கூடிய யோசனை, “தெர்மோஸ்டாட்டைக் கழட்டிப் போட்டுடுங்கண்ணே, நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?” கேட்க நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் லோடை ஊர் சேர்க்க உதவும் அவசர வைத்தியத்தை நிரந்தரமாக்கினால், செலவு வேறு ரூபத்தில் வரும்.

அது என்ன வேலை பார்க்கிறது?

உள்ளங்கையில் அடங்கும் வால்வுதான் தெர்மோஸ்டாட். அதற்குள் இருக்கும் மெழுகு, கூலன்ட் சூடானதும் உருகி விரிந்து வால்வைத் திறக்கும். பல இன்ஜின்களில் இது 82 டிகிரி செல்சியஸ் வாக்கில் நடக்கும். அதுவரை கூலன்ட் ரேடியேட்டருக்குப் போகாமல், பைபாஸ் வழியாக இன்ஜினுக்குள்ளேயே சுற்றும்.

வெயில் 40 டிகிரி அடித்தாலும், இன்ஜினுக்கு வேண்டிய சூடு அதைப்போல இரண்டு மடங்கு. அந்தச் சூடு வராவிட்டால் டீசல் சரியாக எரியாது. மைலேஜ் குறையும், எரியாத டீசல் ஆயிலில் கலக்கும், ரிங்கும் லைனரும் சீக்கிரம் தேயும். பிஎஸ்-6 வண்டியாக இருந்தால், ‘இன்ஜின் சூடே ஏறவில்லை’ என்று சென்சார் கண்டுபிடித்து டேஷ்போர்டில் விளக்கு எரியவும் வாய்ப்பு உண்டு.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று இருக்கு. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது, அதன் அடிப்பகுதி பைபாஸ் ஓட்டையை மூடும். தெர்மோஸ்டாட்டையே எடுத்துவிட்டால் அந்த ஓட்டை எப்போதும் திறந்தே கிடக்கும். கூலன்டில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கம் போகாமலே திரும்பிவிடும். அதாவது, சூட்டைக் குறைக்கக் கழட்டியதே லோடு நேரத்தில் சூட்டை ஏற்றும்! ஹெட் கேஸ்கெட் போனால் செலவு ஆயிரக்கணக்கில். தெர்மோஸ்டாட்டோ பெரும்பாலான பிக்கப்களுக்குச் சில நூறு ரூபாய்தான்.

கோளாறு இதுதானா?

ஃபேன் பெல்ட், வாட்டர் பம்ப், அடைத்துப்போன ரேடியேட்டர் என ஓவர்ஹீட்டுக்குக் காரணம் பல. முள் ஏறிய பிறகும் ரேடியேட்டரின் மேல் ஹோஸ் சூடாகாமல் இருந்தால் தெர்மோஸ்டாட் மேல் சந்தேகப்படலாம். உறுதிசெய்ய, கழட்டிய தெர்மோஸ்டாட்டை ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வையுங்கள். கொதித்தும் திறக்கவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். சமையலுக்கு எடுக்கும் பாத்திரம் வேண்டாம், கூலன்ட் விஷம்.

மாற்றுவது எப்படி?

இன்ஜின் முழுசாக ஆறிய பிறகுதான் ரேடியேட்டர் மூடியில் கை வைக்க வேண்டும். ஆவி அடங்காத குக்கரைத் திறக்கிற மாதிரிதான் இதுவும். முகம், கை வெந்துவிடும்.

கூலன்டைப் பேசினில் வடித்து எடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய்கள் நக்கிவிடும், சாக்கடையிலும் ஊற்றக் கூடாது. பல வண்டிகளில் மேல் ஹோஸ் இன்ஜினைத் தொடும் இடத்தில், இரண்டு மூன்று போல்ட் போட்ட மூடிக்குள் தெர்மோஸ்டாட் இருக்கும். பழையது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருக்கிறது என்று கழட்டும் முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பொதுவாக ஸ்பிரிங் பக்கம் இன்ஜினை நோக்கி இருக்கும். தலைகீழாகப் போட்டால் புதுசும் ஓவர்ஹீட்தான். விளிம்பில் குட்டி பின் இருந்தால் அது மேல்பக்கம் வரணும், காற்று வெளியேறும் வழி அது.

வாங்கும்போது பழையதில் பொறித்திருக்கும் டிகிரியையே கேட்டு வாங்குங்கள். ஒட்டியிருக்கும் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதுசு போடுங்கள். மூடி பெரும்பாலும் அலுமினியம், போல்ட்டை ஒரேயடியாக முறுக்கினால் விரிசல் விடும். மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

நிரப்பும்போது போர் தண்ணீர் வேண்டாம், உப்பு படியும். வண்டி மேனுவல் சொல்லும் கூலன்டை டிஸ்டில்டு வாட்டரில் கலந்து ஊற்றுங்கள். மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினை ஐடிலில் விட்டால் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும், மட்டம் இறங்க இறங்க ஊற்றிக்கொண்டே வாருங்கள். மேல் ஹோஸ் திடீரெனச் சூடானால் வால்வு திறந்துவிட்டது என்று அர்த்தம். மூடிவிட்டு, லீக் இருக்கிறதா என்று பாருங்கள். மறுநாள் காலை, வண்டியை எடுக்கும் முன் மட்டத்தை இன்னொரு முறை பார்த்துவிட்டு லோடு ஏற்றலாம்.